மாமா பக்கம் ஒரு கை

மாமனாரோடு தனியாக ரயிலேறியிருக்கிறீர்களா? ஏறாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். படிக்க ஒரு புத்தகம், காதில் அடைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு, ஒரு மேல் பர்த்... இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக ஏறலாம். எனக்கு மேல் பர்த் மட்டும்தான் கிடைத்தது. அதையும் சென்னையிலிருந்து இடார்சி வரைக்கும் மாமா கீழேயிருந்து தட்டிக்கொண்டே வந்தார்.

"மாப்பிள்ளை... பல்லார்ஷா வந்தாச்சு. இருபது நிமிஷம் லேட்டு."

மாமா ரயில்வேயில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். ரயில் லேட்டானால் சொந்த வீட்டில் கல்யாணம் நின்றுபோன மாதிரி வருத்தப்படுவார். அவருக்கு ரிடையர்மென்ட் பாஸ், எனக்குக் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். இந்த யாத்திரையில் யாருக்கு என்ன அந்தஸ்து என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று மாமாவும் அத்தையும் ஒரு லிஸ்ட் போட்டிருந்தார்கள். ராமேஸ்வரத்தில் ஆரம்பித்து ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவதற்கு முன்னால் அத்தை போய்விட்டார்கள். இரண்டு வருஷமாக லிஸ்ட் அப்படியே கிடந்தது. திடீரென்று ஒருநாள் மாமா, "ஓங்காரேஸ்வர் போயிட்டு வந்துடறேன்" என்றார். அவருக்கு வயசு எழுபது, வலது முழங்காலுக்கு அதைவிட ஒரு பத்து வயசு கூட. "நீங்கதானே வீட்ல சும்மா இருக்கீங்க, கூடப் போயிட்டு வாங்க" என்று என் மனைவி என்னைக் கைகாட்டினாள்.

சும்மா இருப்பது என்றால் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்களே, இந்த வேலை. நான் பி.காம். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2022-ல், "இனிமேல் எழுதுவதென்றால் எழுத்துதான்" என்று வீர வசனம் பேசிவிட்டு ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அதுதான் என் வாழ்க்கையிலேயே எடிட்டிங் இல்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே படைப்பு. அடுத்த எட்டு மாதம் வீட்டுக் கடன் தவணை மாதம் 18,500 ரூபாயைக் கட்டியது மாமா. அவராகவே கட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை ஸார், தூக்கம் வந்திருக்கும். மொத்தம் 1,48,000 ரூபாய். அதன் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை "சாப்பிட்டீங்களா", "மழை உண்டா" என்ற அளவில் நின்றுபோயிருந்தது.

இந்தப் பயணத்தில் என் சட்டைப்பையில் ஐம்பதாயிரத்துக்கு ஒரு செக் இருந்தது. முதல் தவணை. எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

இடார்சியில் மாறி கண்ட்வா. பாடகர் கிஷோர் குமார் 1929-ல் பிறந்த ஊர். 1987-ல் பம்பாயில் அவர் இறந்தபோது தகனம் நடந்ததும் இங்கேதான். "இந்தப் பக்கம் ஒரு காலத்துல மீட்டர் கேஜ்தான் ஓடிச்சு" என்று மாமா ஏக்கத்தோடு சொன்னார். கிஷோர் குமாருக்கு அவர் காட்டிய மரியாதை அந்த மீட்டர் கேஜில் பாதிகூட இல்லை.

கண்ட்வாவிலிருந்து காரில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். நர்மதை தெரிந்ததும் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, "நர்மதே ஹர்!" என்று இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எனக்கு பயம்.

ஆற்றின் நடுவே மாந்தாதா என்ற தீவு. மலையே எழுந்து வந்து ஆற்றில் குளிக்க உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் 'ஓம்' எழுத்து போலத் தெரியும் என்கிறார்கள், அதனால்தான் ஓங்காரேஸ்வர். கரையிலேயே மமலேஸ்வர் கோயில் இருக்கிறது. ஜோதிர்லிங்கம் அதுவா இதுவா என்ற வழக்கு ரொம்ப காலமாக உண்டு. இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டால்தான் கணக்கில் வரும் என்று பக்தர்கள் சமரசம் செய்துகொண்டுவிட்டார்கள். "ஜாயின்ட் அக்கவுண்ட்" என்றார் மாமா.

தீவுக்குப் போகப் பாலமும் உண்டு, படகும் உண்டு. கேபிள் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பாலத்தில் ஏறினோம். எதிரே நூறு பேர் மூட்டையோடு வர, பாலம் லேசாக ஆடியது. கீழே பச்சைத் தண்ணீர். வலது பக்கம் கொஞ்ச தூரத்திலேயே பெரிய அணைக்கட்டு, 2007-ல் முடித்தது. மாமா நடுப்பாலத்தில் நின்று அதைப் பார்த்தார். திருவையாற்றுக்காரர். அணையைப் பார்த்தால் அவர்கள் முகமே மாறிவிடும்.

கோயில் வாசலில் கட்டண வரிசை, இலவச வரிசை என்று இரண்டு. நான் பர்ஸை எடுத்தேன். "சாமிக்குமா தட்கால்?" என்று மாமா இலவச வரிசையில் போய் நின்றுவிட்டார். இரண்டு மணி நேரம் நின்றோம். மகாராஷ்டிரத்துப் பாட்டிகள் முழங்கையால் விலாவில் இடித்து முன்னேறும் கலையில் தேர்ந்தவர்கள். நம் டவுன் பஸ்ஸில் பழகியவன் நான், என்னாலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை.

உள்ளே போனால் ஆச்சரியம். மேலே ஐந்தடுக்குக் கோபுரம், பெரிய பெரிய செதுக்கு வேலைத் தூண்கள். ஆனால் லிங்கம் கோபுரத்துக்கு நேர் கீழே இல்லை, ஒதுங்கி ஓரமாக இருக்கிறது. அதுவும் நம்ம ஊர் மாதிரி வழவழப்பான, கம்பீரமான லிங்கம் இல்லை. தானாக முளைத்த ஒரு சின்னக் கல். அபிஷேகத் தண்ணீரில் எது கல், எது தரை என்று கண்டுபிடிப்பதற்குள், "சலோ, சலோ!" வெளியே வந்து பார்த்தால் என் கையில் வாங்கிய வில்வம் அப்படியே இருந்தது. சாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேனா என்றும் நினைவில்லை.

"பார்த்தீங்களா மாமா?"

"பத்து செகண்ட். போதும். அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பாரு?"

ராத்திரி சயன ஆரத்திக்கு மறுபடி போனோம். இதை மட்டும் நீங்கள் போனால் தவறவிடாதீர்கள். சுவாமிக்குப் படுக்கை விரித்து, பக்கத்தில் சொக்கட்டான் பலகையும் பரப்பி வைக்கிறார்கள். காய், பகடை எல்லாம் அடுக்கி, ஆட்டத்துக்குத் தயாராக. ஊர் அடங்கிய பிறகு சிவனும் பார்வதியும் வந்து விளையாடுவார்கள் என்று நம்பிக்கை. அப்புறம் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. காலையில் கதவைத் திறந்தால் காய்கள் கலைந்து கிடக்கும் என்கிறார்கள்.

திருவையாற்று வீட்டில் சிவப்பு சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, மாமாவும் அத்தையும் ராத்திரி தாயம் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். பித்தளைக் கட்டை தரையில் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் மாடியில் தூங்குவோம். அத்தைக்கு எப்போது வேண்டுமானாலும் தாயம் விழும். மாமா அதில் ஏதோ தில்லுமுல்லு இருப்பதாகக் கடைசி வரைக்கும் சந்தேகப்பட்டார்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் ரயில்வே ஹிந்தியில் ஓர் அர்ச்சகரிடம், "ஜீத்னேவாலா கோன்?" என்று கேட்டார். யார் ஜெயித்தது என்று எழுதி வைக்கிறீர்களா என்பது கேள்வி. நடுவில் கையால் நோட்டில் எழுதுவது போல அபிநயமும் பிடித்தார். அர்ச்சகர் வாய்விட்டுச் சிரித்து, மாமாவின் தோளைத் தட்டி, வெளியே போகும் வழியைக் காட்டினார்.

தங்கும் விடுதிக்கு வந்ததும் மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுத்தார். "கண்ணு எரியுது. இன்னிக்குக் கணக்கை நீங்களே எழுதிடுங்க மாப்பிள்ளை."

மாமாவின் நோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லையே. காலிகோ பைண்டு போட்ட நீள நோட்டு. 2019-லிருந்து ஒரே நோட்டு. போகிற இடமெல்லாம் மஞ்சள் பையில் கூடவே வரும். டீ, பஸ், பூ, தேங்காய் எதுவும் அதிலிருந்து தப்பாது. நோட்டு தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டது என்று எழுதலாம், நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான்தான் புரட்டினேன். 2022, ஜூன்.

'வர வேண்டியது' என்ற தலைப்பில், மாமாவின் குண்டூசி எழுத்தில்: மாப்பிள்ளை, வீட்டு லோன், 18,500. அடுத்தது ஜூலை. அப்படியே 2023 ஜனவரி வரை எட்டு வரி. சரி, நியாயம்தானே? ஆனால் எட்டு வரியையும் யாரோ பச்சை மையில் அடித்திருந்தார்கள். ஓரத்தில் வட்ட வட்டமான வேறு ஒரு கையெழுத்தில் தொகையைக் கூட்டி, வேறு தலைப்புக்கு மாற்றி எழுதியிருந்தது. வீட்டுச் செலவு. பால், கேஸ் சிலிண்டர், கீரைக்காரி, அதற்குக் கீழே நான்.

கணக்குப் படித்தவனுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வர வேண்டியதை அடித்துவிட்டுச் செலவில் எழுதினால் எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வாராக் கடன். இவன் தேற மாட்டான், தலைமுழுகு. அந்தப் பச்சை மை என்னைக் கீரைக்காரியோடு சேர்த்த விதம் பெருமையா, அவமானமா? ராத்திரி முழுக்கப் புரண்டேன். மாமா குறட்டை விட்டார். நர்மதையின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாள் விடிகாலை தீவைச் சுற்றக் கிளம்பினோம். பரிக்ரமா. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், மேடு பள்ளம், படிக்கட்டு. இது சின்ன ரவுண்டுதான். 1,312 கிலோமீட்டர் ஓடும் நர்மதை முழுவதையும், நடுவில் எங்கும் ஆற்றைக் கடக்காமல் நடந்தே சுற்றி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பிரதாயப்படி செய்தால் மூன்று வருஷம், மூன்று மாதம், பதின்மூன்று நாள். லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதுவார்களோ!

தீவின் மேற்கு முனையில் ஒரு சங்கமம். நர்மதையோடு இன்னொரு ஆறு சேருகிறது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவரிடம் பெயர் கேட்டேன்.

"காவேரி."

மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "என்ன சொன்னான்?"

ஆமாம், காவேரிதான். தெற்கிலிருந்து வந்து நர்மதையில் விழுகிற ஒரு சின்ன ஆறு. அது நர்மதையோடு கலக்காமலேயே குறுக்கே கடந்து, தீவின் வடக்குப் பக்கமாகச் சுற்றி வந்து இங்கே மறுபடி சேருகிறது என்பது ஊர் நம்பிக்கை. ஜோதிர்லிங்க ஸ்தோத்திரத்தில் ஓங்காரேஸ்வருக்கு அடையாளமாகச் சொல்லப்படுவதும் இந்தச் சங்கமம்தான். ஆயிரம் மைல் தாண்டி வந்து, சொந்த ஊர் ஆற்றின் பெயரிலேயே ஒன்றைப் பார்த்தால் எப்படியிருக்கும்! மாமா முழங்கால் வலியை மறந்து தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளினார்.

"இவளுக்கு டிரிப்யூனல் உண்டா?"

நர்மதைக்கு உண்டு, 1979-லேயே தீர்ப்பு வந்துவிட்டது என்றேன். நம் காவேரிக்கு டிரிப்யூனல் அமைத்ததே 1990-ல்தான், இறுதித் தீர்ப்பு 2007-ல். மாமா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "ருசி வேற" என்றார். ஆனால் மூன்று முழுக்குப் போட்டார். ஒன்று அவருக்கு. மற்ற இரண்டும் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து ஏற்றம். குரங்குகள், சிதைந்த கோட்டை வாசல்கள், கரும்புச்சாறு கடைகள். பிரசாதப் பையைப் பறித்த ஒரு குரங்கு, உள்ளே இருந்த மாமாவின் பி.பி. மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்திலேயே வீசியது. மேலே கௌரி சோமநாதர் கோயில். கீழே பார்த்த சின்னக் கல்லுக்கு நேர்மாறாக இங்கே ஆள் உயரத்தில் கன்னங்கரேலென்று ஒரு லிங்கம். முன்பு இது வெள்ளையாக இருந்ததாம். உற்றுப் பார்த்தால் அடுத்த ஜன்மம் தெரியுமாம். ஔரங்கசீப் பார்த்தபோது பன்றி தெரிந்ததாம். கோபத்தில் நெருப்பு மூட்ட, அன்றைக்குக் கறுத்ததாம். கர்ணபரம்பரைக் கதை, நம்புவது உங்கள் இஷ்டம். எனக்கு இப்போது ஒன்றும் தெரியாமல் போனதில் நிம்மதிதான். திரும்பவும் ஒரு கம்பெனி, ஒரு லெட்ஜர் என்று தெரிந்திருந்தால்?

அங்கே இருந்த ஒரு பையன் எங்களைப் பார்த்து, "மாமா-பாஞ்சா? மாமா-பாஞ்சா?" என்று கேட்டான்.

இந்தக் கோயிலுக்கு ஊரில் வைத்திருக்கும் பெயரே அதுதான். மாமா-மருமகன் கோயில். லிங்கம் அவ்வளவு பருமன், தனியாள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. தாய்மாமனும் மருமகனும் இரண்டு பக்கமும் நின்று கட்டிக்கொண்டால் மட்டும் கைகள் சேரும் என்று ஐதீகம். ஹிந்தியில் மாமா என்றால் அம்மாவின் தம்பி, அண்ணன் மட்டும்தான். மாமனாருக்கு அங்கே வேறு வார்த்தை. அதை நான் பையனுக்கு விளக்க வாயைத் திறப்பதற்குள் மாமா நெஞ்சைத் தொட்டு, "மாமா" என்றார். என்னைக் காட்டி, "மருமகன்" என்றார். தமிழில் இரண்டும் சத்தியம். எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

அவர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம். லிங்கம் ஜில்லென்று இருந்தது. யாரோ ஊற்றிய தண்ணீரும் விபூதியும் சட்டையில் அப்பியது. கன்னத்தைப் பதித்துக்கொண்டு கையை நீட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எங்க இருக்கீங்க?" அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

"இங்கதான் மாமா. இன்னும் கொஞ்சம்..."

"முட்டி இடிக்குது. நீங்க வாங்க."

இன்னும் இறுக்கி நெருங்கினேன். விரல் நுனியில் ஒரு மோதிரம் பட்டது. பிறகு விரல். காய்ப்புக் காய்த்த விரல். அவர் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. முகம் தெரியாமல் நடுவில் ஒரு லிங்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்போதுதான் சட்டைப்பை ஞாபகம் வந்தது. ஐயையோ, செக்! வெளியே ஓடிவந்து எடுத்தேன். ஓரமெல்லாம் நனைந்து, குங்குமம் ஏறி, கோயில் ரசீது மாதிரி ஆகியிருந்தது. ஊதிக்கொண்டிருந்தபோது மாமா பின்னால் நின்றார்.

"என்னது?"

"அது... முதல் தவணை, மாமா."

வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தேதி, எண்ணால், எழுத்தால், கையெழுத்து என்று நாலையும் விரலை வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

"நேத்து நோட்டைப் புரட்டினீங்களா?"

"புரட்டினேன்."

படிக்கட்டில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "வர வேண்டியதுன்னுதான் நான் எழுதினேன். பொய் சொல்லக் கூடாது. உங்க அத்தை எட்டாவது மாசம் பார்த்துட்டா. நோட்டைப் பிடுங்கி, நீங்க பார்த்தீங்களே, அப்படி அடிச்சா. நம்ம வீட்டுச் செலவை யாராவது அடுத்த வீட்டுக் கணக்குல எழுதுவாங்களான்னு கேட்டா. என் சர்வீஸ்ல ஒரு ஆடிட்டர் என் வரியை அடிச்சதில்ல மாப்பிள்ளை."

நான் ஒன்றும் பேசவில்லை.

"செலவுல போனதை இப்ப வரவுல காட்டணும்னா ஒரு வவுச்சர் போடணும். கையெழுத்துப் போட வேண்டியவ இல்லையே."

செக்கை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்து, மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

மீதி வழி இறக்கம். சித்தநாதர் கோயிலின் அடித்தளத்தில் வரிசையாக யானைகள் செதுக்கியிருக்கிறார்கள், பாதி சிதைந்தும் அழகு போகவில்லை. 2023-ல் திறந்த 108 அடி ஆதிசங்கரர் சிலையும் தெரிந்தது. பாலகனாக இங்கே வந்துதான் கோவிந்த பகவத்பாதரைக் குருவாக அடைந்தார் என்பதால் சிலையிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவே நிற்கிறார். "காலடியிலேர்ந்து நடந்தே வந்திருக்கு இந்தப் பிள்ளை" என்றார் மாமா. அதன் பிறகு முழங்கால் பற்றிப் புகார் வரவில்லை. படித்துறைக்கு வந்து, படகுக்காரன் முந்நூறு கேட்க, இவர் நூறில் ஆரம்பிக்க, இருநூறில் கரையேறினோம்.

ராத்திரி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படகு 200. மோர் 40. கரும்புச்சாறு 60. பையனுக்கு 20.

"எந்தப் பையனுக்கு மாமா?"

"மாமா-பாஞ்சா."

செக்கின் ஆயுள் மூன்று மாதம். இந்த வாரத்தோடு அது முடிகிறது. தினமும் காலையில் என் பேங்க் பேலன்ஸைப் பார்க்கிறேன். ஐம்பதாயிரம் அசையாமல் இருக்கிறது. என் மனைவியிடம் சொன்னேன். "அப்பாகிட்டயா கணக்குல ஜெயிக்கப் போறீங்க?" என்றாள்.

நேற்று மாமா போன் செய்தார். சாப்பிட்டீங்களா, மழை உண்டா எல்லாம் இல்லை. நேராகவே கேட்டார்.

"மாப்பிள்ளை, கேதார்நாத் நடை எப்பத் திறக்கறாங்கன்னு பாருங்க. கோவேறு கழுதைக்கு என்ன வாடகைன்னும் விசாரிங்க. ஒண்ணு போதும். நீங்க நடந்து வாங்க."